ஊதுபத்தி அளவு ஓட்டை

வை-ஃபை பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. கம்பெனியில் மூன்று ஆள் உயரம் நிற்கும் பிரஸ் மிஷினுக்கே நெற்றி எது என்று தேடிக் கண்டுபிடித்துப் பொட்டு வைக்கிறவர்கள் நாங்கள். ஊதுபத்தியை எங்கே செருகுவது என்பதில்தான் எனக்கும் வீட்டுக்கார அக்காவுக்கும் கருத்து வேறுபாடு. அந்தக் கருத்து வேறுபாட்டில் ஒருவனுடைய கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

இது இரண்டாயிரத்துப் பதின்மூன்று, பதினான்கு வாக்கில் நடந்தது. அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். குடியிருப்பு, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில். அக்கா குடும்பம் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில், தங்கள் வீட்டுக்குப் பின்னால், வரிசையாக எட்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன்பக்கம் நீளமாக ஒரு தாழ்வாரம். லைன் வீடு என்பார்கள். எட்டு மணி நேரம் கம்பெனி லைனில் நின்றுவிட்டு, பஸ் ஏறி வந்து, இந்த லைனில் படுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். யாருடைய பெயரும் அக்காவின் நாக்கில் நிற்காது. அறை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் மூணாம் நம்பர். "மூணாம் நம்பர் தம்பி, மோட்டார் ஓடல, இன்னான்னு பாரு" என்று குரல் வந்தால் ஓடுவேன். எனக்கு முன்கோபம் அதிகம். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

தண்டலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் மகனுக்காக அக்கா வீட்டில் பிராட்பேண்ட் வாங்கியிருந்தார்கள். மகன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், பிராட்பேண்ட் போகவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று அக்கா எங்களுக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். ஆனால் பெட்டி இருந்தது அவர்கள் வீட்டுக் கூடத்தில், பீரோ தலையில். அங்கிருந்து சிக்னல் கிளம்பி, இரண்டு கான்கிரீட் சுவரையும் ஒரு மாட்டுக் கொட்டகையையும் தாண்டி எங்கள் லைனுக்கு வருவதற்குள் களைத்துப்போய்விடும். ஒன்றாம் நம்பருக்கு நன்றாக வரும். எனக்குச் சுமாராக வரும். ஐந்தாம் நம்பர்க்காரர்கள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு படம் பார்ப்பார்கள். எட்டாம் நம்பருக்கு ஒன்றும் கிடையாது.

எட்டாம் நம்பரில் இருந்தவன் என் கம்பெனிதான், பிரஸ் ஷாப். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. தகடு அடிக்கும் சத்தம் காதைப் பிளப்பதால் பிரஸ் ஷாப்புக்குள் போகிறவர்கள் எல்லாரும் காதில் பஞ்சடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவனும் போட்டுக்கொள்வான். ஒருநாள் போடாமல் போனதற்கு சூப்பர்வைசர் எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்தார். விதி விதிதான் என்று அவன் அந்தக் காகிதத்தை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்றைக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டே போனவன், மாட்டுக் கொட்டகை ஓரம் அவன் நிற்பதைப் பார்த்தேன். இடது கையில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை மட்டும் விசுக் விசுக்கென்று ஆட்டிக்கொண்டிருந்தான். மாட்டு ஈ விரட்டுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் போனில் ஒரு பெண் இரண்டு கையாலும் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவளும் காது கேட்காதவள். மதுரையில் ஏதோ விளையாட்டுப் போட்டிக்குப் போன இடத்தில் பழக்கமாம்.

பிறகு அவன் போனில் தட்டி எனக்குக் காட்டினான். "ஒரு கையில போனு. மிச்சம் ஒரு கை. பாதி வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிக்னல் இல்லை என்று நாங்களெல்லாம் புலம்பியது படத்துக்கும் பாட்டுக்கும். அவனுக்குப் பேச்சே அதில்தான் இருந்தது. அறைக்குள் சிக்னல் வந்தால் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசலாம். மற்றவர்கள் அறையில் போய் உட்காரலாம் என்றால், எல்லா அறையிலும் ஷிப்ட் முடித்து வந்தவன் எவனாவது விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். இருட்டில் கைப்பேச்சு நடக்காது. கொட்டகை ஓரத்து அரைகுறைச் சிக்னலில் இன்னொரு தொல்லையும் இருந்தது. அவர்கள் பேச்சில் 'வா' என்பதும் 'போ' என்பதும் ஏறக்குறைய ஒரே கைதான், அது நகரும் திசைதான் வேறு. கை பாதி வழியில் இருக்கும்போது படம் உறைந்துவிட்டால் வரச் சொல்கிறாளா, போகச் சொல்கிறாளா என்று தெரியாது. அப்படி ஒரு தடவை உறைந்துபோனதில் ஒரு வாரம் இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்களாம்.

"எட்டாம் நம்பர் வரைக்கும் நான் கொண்டுவாரேன்" என்று நெஞ்சைத் தட்டிக்காட்டினேன். அவன் என் நெஞ்சையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பிக்கை இல்லை என்பதற்குத் தனிச் சைகை வேண்டியதில்லை.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு காயலான் கடை உண்டு. அந்தச் சமயத்தில் வேலை போய் ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் விட்டுச்சென்ற சாமான்கள் அங்கே குவிந்து கிடந்தன. மின்விசிறி, இன்டக்ஷன் அடுப்பு, கூடவே பழைய வை-ஃபை ரௌட்டர்கள். இரும்போடு இரும்பாக எடைக்குப் போட்டிருந்தார்கள். நல்ல உயிருள்ளதாக இரண்டு பொறுக்கி எடுத்தேன். ஒன்றுக்கு ஆன்டெனாக் கொம்பு ஒன்று முறிந்திருந்தது. கடைக்காரர், "தம்பி, இது ஓடாதுபா" என்றார். ஓடுமா ஓடாதா என்று என்னிடமே சொல்கிறார். கோபத்தை அடக்கிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் முதல் வேலையாக, போனைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரம் நெடுக நடந்து, சிக்னல் எத்தனை கட்டம் காட்டுகிறது என்று தரையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனேன். நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. எட்டாம் நம்பர் வாசலில் பெரிதாக ஒரு பூஜ்யம். கம்பெனிப் பழக்கம், எதையும் தரையில் கோடு போட்டு எழுதினால்தான் எங்களுக்கு மனசு ஆறும். அக்கா பால் செம்போடு வந்து நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி, இந்த வயசுல பாண்டி ஆடிக்கினுகீற?"

"சிக்னல் அளக்கேன்க்கா."

"அளந்தா வந்துடுமா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

யோசனை எளிமையானது. கூடத்துப் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்து என் அறை வாசலில் ஒரு பழைய பெட்டி, அங்கிருந்து இன்னொரு கேபிளை இழுத்து ஏழாம் நம்பர் சுவரில் கொம்பு முறிந்த பெட்டி. நெட்டை உண்டாக்குவது கூடத்துப் பெட்டி, இவை இரண்டும் வாங்கிப் பரிமாறுகிற பெட்டிகள். கேபிளைத் தாழ்வாரத்துத் துணிக்கொடி கூடவே கட்டிக் கொண்டுபோனேன். மறுநாளே அக்கா அதிலும் ஈரப் புடவை ஒன்றைக் காயப்போட்டிருந்தார். கொடி இரண்டாகிவிட்டது என்று அவருக்கு ரொம்பத் திருப்தி.

எல்லாவற்றையும் மாட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த ஒன்றாம் நம்பருக்கும் நெட் போய்விட்டது. எட்டு அறைக்கும் போய்விட்டது. அக்கா வீட்டுக் கூடத்துக்கே போய்விட்டது. ஐந்தாம் நம்பர்க்காரன், "ஏல, நீ ஒண்ணும் செய்யாம இருந்தாலே ஒரு காலை நீட்டியாவது பாத்துக்கிட்டு இருந்தோம்லா" என்றான். இரண்டு நாள் நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கேண்டீனில் டோக்கனோடு வரிசையில் நிற்கும்போது புரிந்தது. டோக்கன் கொடுக்கும் ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு மூலையில் நின்றுகொண்டு, இரண்டு பேரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே எண்ணைக் கொடுத்துக்கொண்டு வந்தால் ஒரு தட்டுக்கு இரண்டு ஆள் கை நீட்டுவான். வை-ஃபை பெட்டியும் தன்னிடம் வருகிற ஒவ்வொரு போனுக்கும் ஐ.பி. என்று இப்படி ஒரு எண் கொடுக்கும். நான் மாட்டிய இரண்டு பழைய பெட்டியும் தாங்கள்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டு, கூடத்துப் பெட்டிக்குப் போட்டியாக எண் கொடுத்துக்கொண்டிருந்தன. லேப்டாப்பை அவற்றில் செருகி, எண் கொடுக்கும் வேலையை அணைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வைத்தேன். பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கூடத்துப் பெட்டியுடையதே. அதற்குப் பிறகு போனைப் பார்த்துக்கொண்டே ஒன்றிலிருந்து எட்டுவரை நடந்து போனேன். ஒரு கட்டம்கூடக் குறையவில்லை. எட்டாம் நம்பர் வாசலில் நான் எழுதியிருந்த பூஜ்யத்தின்மேல் நின்றுகொண்டு கையைத் தட்டினேன். அவனுக்குக் கேட்காது என்பது மறந்துபோயிற்று. போய்த் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் அவன் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பேசினான். அவன் அவ்வளவு வாயாடி என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. அப்போது அது தவறு என்று தெரியவில்லை. ஏழாம் நம்பர் சுவரில் கேபிள் மேலிருந்து வந்தது, நீளம் ஒரு சாண் பற்றவில்லை. புதிதாக இழுக்கச் சோம்பல்பட்டு, பெட்டியையே தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். கீழே இருக்கவேண்டிய அதன் பின்புறம், கேபிள் செருகும் துவாரங்களோடு, வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

புரட்டாசி வந்தது. அதற்குள் விஷயம் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், மகளோடு பழகிக் கைப்பேச்சும் வரும். அவர் கேட்ட கேள்வியை எட்டாம் நம்பர் எனக்குப் போனில் காட்டினான். "ரெண்டு பேருக்கும் காது கேக்காது. தெரியாத ஊரு. அங்க ஒரு ஆத்திர அவசரம்னா யாரு இருக்கா?" கடைசியில் அவர் ஒன்றுக்கு இறங்கி வந்தார். விஜயதசமி நல்ல நாள். அன்று காலையில் பெண்ணோடு அவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். பெண் வாழப்போகிற அறையை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். தட்டிப்போனால் மாமன் மகன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கே முடித்துவிடுவார்கள். எட்டாம் நம்பர் நேரில் போகலாம் என்றால் அன்று இரண்டாம் ஷிப்ட், லீவு கிடையாது. ஒரு வாரமாக அவன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தான், அடுப்பைத் துலக்கினான், புதிதாக ஒரு முக்காலி வாங்கிப் போட்டான்.

ஆயுத பூஜை அன்று காலையில் நான் கம்பெனி பூஜைக்குப் போய்விட்டேன். போகும்போதே லேப்டாப், ஸ்க்ரூ டிரைவர் செட், கேபிள் வெட்டும் கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் அக்காவிடம் பூஜைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். சாயங்காலம் பொரி கடலைப் பொட்டலத்தோடு திரும்பினால் லைன் முழுக்கச் சந்தன வாசனை. மோட்டாருக்குப் பொட்டு, சைக்கிளுக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு. என் வாசல் பெட்டிக்கும் ஏழாம் நம்பர் சுவர்ப் பெட்டிக்கும்கூடப் பொட்டும் பூவும். மனம் குளிர்ந்துவிட்டது. அக்கா நம் வேலையை மதிக்கிறார் என்று பெருமையோடு போய்ப் படுத்தேன்.

காலை ஒன்பது மணிக்கு எட்டாம் நம்பர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். போனைக் காட்டினான். நெட் இல்லை. அவனுக்கு மட்டுமல்ல, எட்டு அறைக்கும் இல்லை. பூஜை நாள் கொண்டாட்டத்தில் முந்தின இரவு யாரும் நெட்டைத் தொட்டிருக்கவில்லை.

நான் கூடத்துக்கு ஓடினேன். பெரிய பெட்டியை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். புகார் எண்ணுக்கு அடித்தேன், விடுமுறை என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. கேபிளில் ஈரப் புடவை ஏதும் கிடக்கிறதா என்று கொடி நெடுகத் தடவிக்கொண்டே போனேன். ஐந்தாம் நம்பர்க்காரன்தான், "பக்கத்து வீட்ல புதுசா வை-ஃபை வாங்கியிருக்காவ போல, பாஸ்வேர்டே இல்லாம தொறந்து போட்டிருக்காவ" என்று போனைக் காட்டினான். பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. காயலான் கடையிலிருந்து வந்த அன்று, கொம்பு முறிந்த பெட்டியை முதல் தடவை போட்டபோது காட்டிய பெயர்.

ஏழாம் நம்பர் சுவருக்குப் போனேன். முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பின்புறத்தில், கேபிள் துவாரங்களுக்கும் மின்சார வயருக்கும் நடுவில், எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்று நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் சாம்பல்.

எல்லா வை-ஃபை பெட்டியிலும் இப்படி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே ரீசெட் என்று ஒரு பொத்தான். குச்சி எதையாவது விட்டுப் பத்து வினாடி அழுத்தினால் பெட்டி தன் பூர்வோத்திரத்தையெல்லாம் மறந்து, பிறந்த மேனிக்குத் திரும்பிவிடும். நான் வைத்த பெயர், பாஸ்வேர்டு, முகவரி எல்லாம் போய், மறுபடியும் தான்தான் முதலாளி என்று எண் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. எவனும் தவறுதலாக அழுத்திவிடக்கூடாது என்றுதான் அந்த ஓட்டையை அவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார்கள். வைத்தவன் எவனும் ஊதுபத்தியைப் பற்றி யோசிக்கவில்லை.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடு எழுந்து நின்றது. "என்னத்தக்கா செஞ்சு வச்சிருக்கீய? இதுலயா போயி ஊதுபத்தியச் சொருகுவாவ?"

அக்கா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தார். "ஏன்பா கத்துற? வாழப்பயம் தீந்துபூடுச்சி. உன் வாசல்ல கீற பொட்டிக்கு வாழப்பயத்துல குத்தி வச்சேன். இதுக்கு வைக்க இல்ல. பாத்தேன், ஓட்ட சரியா கீது. பத்திக்குன்னே வுட்டு வச்சிக்கீறான்னு அமுத்திச் சொருவுனேன். ஆடாம நின்னுச்சே!"

"அது ரீசெட்டுக்கா! எல்லாம் அழிஞ்சு போச்சு! இது பாட்டுக்கு ஐ.பி. குடுக்கு, அது பாட்டுக்கு ஐ.பி. குடுக்கு!"

"யாரு யாருக்கு இன்னா குட்த்தா உனுக்கு இன்னாபா? சாமி கும்புட்டது தப்பா?"

அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் மற்ற அறைகளுக்கு நெட் வந்துவிடும். எட்டாம் நம்பருக்கு மட்டும் வராது. சரிசெய்ய வேண்டும் என்றால் லேப்டாப் வேண்டும். லேப்டாப் பூஜைப் பலகையில் இருந்தது, என் கையாலேயே நான் கொண்டுபோய்க் கொடுத்தது.

"லேப்டாப்ப எடுத்துக்கிடுதேன்க்கா."

"எடுக்கக் கூடாதுபா. பூசைல வச்ச சாமான மறுபூசை போடாம தொட மாட்டோம். அவுரு வந்துதான் தேங்கா ஒடைப்பாரு." அவர் கணவர் கம்பெனி பஸ் டிரைவர். முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

நான் இன்னும் சத்தமாக ரீசெட், ஐ.பி., செட்டிங்ஸ் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கத்தினேன். அக்காவும் விடவில்லை. மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. எட்டாம் நம்பர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என் அறை ஜன்னலில் கிடந்த சாக்பீஸை எடுத்து வந்து, குனிந்து, அக்காவின் காலடியில் தரையில் எழுத ஆரம்பித்தான்.

அக்கா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். "அக்கா. பத்தரைக்குள்ள பொண்ணோட அப்பா என் ரூமைப் பாக்கணும். இல்லைன்னா அவளை வேற எடத்துல குடுத்துருவாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இத்த சொல்றதுக்கு இன்னா? ஓட்டன்ற, கீட்டன்ற, ஊரு பட்ட கதைய சொல்ற, இத்த சொன்னியா நீ?"

சொல்லவில்லைதான். அரை மணி நேரமாக வாய் கிழியக் கத்தியவன் அதை மட்டும் சொல்லவில்லை. வாயில்லாதவன் தரையில் இரண்டு வரியில் சொல்லிவிட்டான். எனக்கு அங்கேயே நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவு அவமானமாக இருந்தது.

அந்த வீட்டில் பூஜைத் தேங்காய் உடைப்பது எப்போதும் அவர் கணவர்தான். அன்று அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காயை எடுத்துத் துவைக்கிற கல்லில் ஒரே போடாகப் போட்டார். சரிபாதியாக உடைந்தது. லேப்டாப்புக்குக் கற்பூரம் காட்டினார். ஸ்க்ரூ டிரைவருக்குக் காட்டினார். நேரே தாழ்வாரத்துக்கு வந்து கொம்பு முறிந்த பெட்டிக்கும் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எடுபா. சீக்கிரம் பண்ணு."

குச்சியைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். நல்லவேளை, முழுசாக வந்தது. லேப்டாப்பைச் செருகினேன். முகவரியை இரண்டு தடவை தவறாக அடித்தேன். எண் கொடுக்கும் வேலையை அணைத்தேன், பழைய பெயரைக் கொடுத்தேன், பாஸ்வேர்டு கொடுத்தேன். பெட்டி அணைந்து, யோசித்து, மறுபடி விளக்குப் போட்டது. அதற்குள் அக்கா ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய், "அல்லாரும் போன இதுல போடுங்கபா, எட்டாம் நம்பர் பேசி முடிக்கிற வரிக்கும் ஒருத்தனும் நெட்டத் தொடக் கூடாது" என்று எல்லாருடைய போனையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முறம் நிறைய போன். ஐந்தாம் நம்பர்க்காரன்கூட முனகாமல் போட்டான்.

மணி பத்து ஐந்துக்கு வீடியோ கால் போனது. அவன் எங்களை வாசலில் நிற்கவேண்டாம் என்று கையைக் காட்டினான். வெளிச்சம் மறைந்தால் கை தெரியாது. சரி என்று நகர்ந்த நாங்கள் அப்படியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டோம். அங்கே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கல்லின்மேல் நான், குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஒருவர், நடுவில் முறத்தோடு அக்கா. ஏழெட்டுத் தலை. அவன் முதுகு தெரிந்தது, அதற்கு அப்பால் அரிசி டின்மேல் போன், அதில் நகத்தளவுக்கு ஒரு பெண்ணும் ஒரு வெள்ளைச் சட்டையும். ஒரு சத்தம் கிடையாது. கைகள் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தன. அக்கா என் காதில், "இன்னா பேசிக்கிறாங்க?" என்று கேட்டார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நடுவில் அவன் போனைக் கையில் எடுத்து அறையைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தான். அடுப்பு. அலமாரி. புது முக்காலி. அப்படியே திரும்பி ஜன்னலுக்கு வந்துவிட்டான். நாங்கள் குனிவதற்குள் போன் எங்களை முழுசாகப் பார்த்துவிட்டது. குடம் உருண்டு ஆறாம் நம்பர்க்காரன் கீழே விழுந்தான். அக்கா மட்டும் அசையாமல் நின்று, போனைப் பார்த்து முறத்தோடு ஒரு கும்பிடு போட்டார்.

அவன் மறுபடியும் போனை டின்மேல் வைத்தான். பேசினான். திடீரென்று அவன் கை பாதியில் நின்றது. அப்படியே நின்றது. ஒரு விரல்கூட அசையவில்லை.

"உறைஞ்சு போச்சு" என்று நான் கல்லிலிருந்து குதித்தேன். மணி பத்து இருபதுகூட ஆகியிருக்காது. சுற்றிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடிவந்து பெட்டியைப் பார்த்தேன். எல்லா விளக்கும் ஒழுங்காக, பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் புரியாமல் வாசல் வழியே எட்டிப் பார்த்தேன். அங்கேயிருந்துதான் அவன் முகம் தெரிந்தது. படம் உறையவில்லை, அவன்தான் உறைந்திருந்தான். தூக்கிய கையைக் கீழே போட மறந்துபோய், கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் வெளியே வந்தபோது எல்லாரும் முன்பக்கம் ஓடிவந்துவிட்டோம். அக்கா, "இன்னா சொன்னாரு? இன்னாபா சொன்னாரு?" என்று அவன் கையைப் பிடித்து உலுக்கினார். அவனால் சைகைகூடக் காட்ட முடியவில்லை. சாக்பீஸை எடுத்தான். அவன் வாசலில் நான் என்றைக்கோ எழுதிய பூஜ்யம் பாதி அழிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஜன்னல்ல நிக்கிறது யாரு, இத்தனை பேருன்னு அவங்க அப்பா கேட்டாரு. எங்க லைன்காரங்க, வீட்டுக்கார அக்கான்னு சொன்னேன். எதுக்கு நிக்கிறாங்கன்னு கேட்டாரு. எனக்காகன்னு சொன்னேன்."

அடுத்த வரியை அவன் கொஞ்சம் பெரிதாக எழுதினான். அக்கா முதலில் மனசுக்குள் படித்துக்கொண்டார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் படித்தார்.

"அப்ப சரின்னு சொல்லிட்டாரு."